ஆல்ட்பர்க் கழகத்தின் வளர்ச்சிப் பாதை

லிரிம் ஹோத்திக்குப் பந்தை வலைக்குள் அடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஆல்ட்பர்க் கால்பந்துக் கழகம் அவனை எடுத்துக்கொண்டது.

அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அப்பா ஆகிம் நெடுஞ்சாலைக்குத் தார் போடும் கூட்டத்தில் வேலை. கொசோவோவிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் கையில் கொடுத்த மண்வாரியை அந்த மனிதர் இன்னும் கீழே வைக்கவில்லை. பையன் பிறந்தது, வளர்ந்தது, உதைத்தது எல்லாம் சுவிட்சர்லாந்து மண்ணில்தான். இளையோர் லீகில் அவன் அடித்த கோல்களை எழுதிக்கொண்டு வந்த உள்ளூர் நிருபர், பாதிப் பருவத்திலேயே அலுத்துப்போய், வானிலைப் பக்கத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கையெழுத்துப் போட்ட அன்று கழகத் தலைவர் டாக்டர் ஊர்ஸ் ரூடின் நேரில் வந்தார். பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் முதலாளி. நாட்டில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் அவர் படம்தான் எதிரே நிற்கும். ஒரு விவசாயியின் கையைப் பிடித்துக் குலுக்கியபடி சிரிப்பார். கீழே 'எங்கள் கைகுலுக்கல் போதும்' என்று கொட்டை எழுத்து. லிரிமின் கையையும் அதே மாதிரி பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. கேமரா அந்தப் பக்கம் இல்லை.

"இந்தக் கழகத்துல நாங்க ஆட்டக்காரங்கள வாங்கறதில்ல," என்றார். "மனுஷங்கள வளக்கறோம். வளந்த பிறகுதான் விக்கறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆகிமும் தட்டினார். காய்த்துப்போன கை, சத்தம் கொஞ்சம் பெரிதாக வந்தது. பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

வளர்ச்சித் துறைத் தலைவர் ஷ்டெட்லர் பையனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க ஒரு மலை. மலையில் குடிசைகள், குடிசைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் பாதை, பாதை நெடுக இளம் வீரர்களின் முகம் ஒட்டிய குண்டூசிகள். தாழ்வாரக் கோடியில், மலையேறுகிறவர்களுக்கு வழி காட்ட ஊர் ஊருக்கு நட்டிருக்கிறார்களே மஞ்சள் பலகை, அதில் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் அடித்திருந்தார்கள். 'முதல் அணி – 45 நிமிடம்.'

"உன் குண்டூசி இதோ, இரண்டாவது குடிசைல," என்றார் ஷ்டெட்லர். "பெருமையா இல்ல?"

"நான் எப்ப ஆடுவேன்?"

"ஆட்டமா?" ஷ்டெட்லர் அவனைப் பரிவோடு பார்த்தார். "அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் மூணாவது குடிசைக்கு மேல வரும். இப்ப பொறுமை. நீ நல்ல பாதையிலதான் இருக்கே."

அந்த வாக்கியத்தை லிரிம் அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டான் என்பதற்குக் கணக்கில்லை. காலையில் கேட்டான், மாலையில் கேட்டான், பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் அதுதான் அச்சாகி வந்தது.

கழகத்தில் அவனைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் அவன் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டார். ஒருவர் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டார். அம்மா கட்டிக்கொடுக்கும் இறைச்சி பொதிந்த ரொட்டியை ஒரு பெண்மணி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று கீரைத் தண்டு கொடுத்தார். ரொட்டி என்ன ஆனது என்று தெரியாது; அந்த அம்மாள் மட்டும் நன்றாகத் தேறினார். பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர். நிருபர் எதைக் கேட்டாலும் ஒன்றும் சொல்லாமல் பதில் சொல்ல அவர் கற்றுக்கொடுத்தார்.

"உன் அம்மா செத்துட்டாங்கன்னு வெச்சுக்க, லிரிம். நிருபர் மைக்க நீட்டறான். என்ன சொல்லுவே?"

"என் அம்மா சாகல."

"தப்பு. 'அணிதான் முக்கியம். அடுத்த ஆட்டத்தப் பத்தித்தான் யோசிக்கிறேன்.' எங்க, சொல்லு."

சொன்னான். மாதக்கணக்கில் சொன்னான்.

பந்து மட்டும் கொஞ்சம் கம்மியாகத்தான் கிடைத்தது. அப்படியும் ஒரு நட்பு ஆட்டத்தில் தப்பு நடந்துவிட்டது. பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்து காலில் வந்து விழ, கோல்கீப்பர் நகர்ந்து நிற்பதைப் பார்த்து, லிரிம் அடித்துவிட்டான். வலை குலுங்கியது. மறுநாள் காலை விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஷ்டெட்லர், எண்களைப் பார்க்கிற ஆள், மூச்சுக்காரர்.

"அந்த எடத்துலருந்து கோல் விழற வாய்ப்பு ரொம்பக் கம்மி," என்றார் எண்காரர், திரையைக் காட்டி. "பந்தைப் பின்னால தள்ளணும்ங்கறதுதான் திட்டம். ஏன் அடிச்சே?"

"வாசல் தொறந்து கெடந்துச்சு."

"அது பதில் இல்ல."

"கோல் விழுந்துச்சே?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷ்டெட்லர் பெருமூச்சு விட்டார். "அதான் லிரிம் வருத்தமா இருக்கு. விழாம இருந்திருந்தா நீயே கத்துக்கிட்டிருப்பே. கோல்ங்கறது ஒரு பக்க விளைவு. நாங்க விளைவைப் பாக்கறதில்ல, பாதையப் பாக்கறோம். விளைவைப் பாக்க ஆரம்பிச்சா எங்க துறையே இருக்காது."

அந்தக் கோல் 'திட்டமிடப்படாத நிகழ்வு' என்று பதிவானது. குண்டூசி இரண்டாவது குடிசையிலேயே இருந்தது.

ஒருவழியாக முதல் அணிக்கும் கூப்பிட்டார்கள். ஆல்ட்பர்க் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும். கடைசி நிமிடம். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து விரல் சொடுக்குவார். லிரிம் மேலாடையைக் கழற்றிக்கொண்டு துள்ளி எழுவான்.

"ஏன்டா ஓடறே? மெதுவா போ. ஷூ கயித்தக் கட்டு. சாக்ஸ இழுத்து விடு. நடுவர்கிட்ட ஏதாவது கேளு."

"என்ன கேக்க?"

"எதையாவது கேளு. நேரம் போகணும்ல?"

ஒரு நாள் நடுவரிடம் மணி என்ன என்று கேட்டான். அவர் சொல்லிவிட்டு விசிலையும் ஊதிவிட்டார். இப்படியே இரண்டு பருவம். ஆல்ட்பர்க் சட்டையில் அவன் ஒரு முறைகூடப் பந்தைத் தொட்டதில்லை. அடுத்த மதிப்பீட்டில் 'நேர மேலாண்மை: பிரமாதம்' என்று எழுதினார்கள்.

ஆகிம் வேலை முடிந்து வந்து, வேன் கதவைத் திறந்து போட்டு, பூட்ஸில் ஒட்டிய தாரைச் சுரண்டியபடி கேட்டார்: "டேய், ரெண்டு வருஷமா பாதை பாதைங்கறானுங்க. நாங்க ரெண்டு வருஷம் வேலை பாத்தா அதுல லாரி போகும். உன் பாதைல என்னடா போகுது?"

"பொறுமையா இருக்கச் சொல்றாங்க பாபா."

"எங்க மேஸ்திரியும் அதத்தான் சொல்லுவான். சம்பளம் கேட்டா."

பிரான்ஸிலிருந்து ஒரு கழகம் அவனைக் கேட்டது. இரண்டாம் லீக்தான், ஆனால் ஆட வைப்பதாகச் சொன்னார்கள். ரூடின் மறுத்துவிட்டார். "அவன் எங்க எதிர்காலம். எதிர்காலத்த இப்பவே வித்துட்டா அப்புறம் எதைப் பத்திப் பேசறது?" ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போகிற உரிமை கழகத்துக்கு மட்டும்தான் இருந்தது, அவனுக்கு இல்லை. நீட்டினார்கள். ஆடவும் விடமாட்டார்கள், போகவும் விடமாட்டார்கள். இருபத்தைந்து வயதிலும் தான் அந்த மலையில், வழுக்கை விழுந்த ஒரு குண்டூசியாக, நம்பிக்கை நட்சத்திரம் என்ற பேரோடு குத்தப்பட்டிருப்பதை லிரிம் கனவில் பார்த்தான். தூக்கக்காரரிடம் சொன்னதற்கு, கனவு நல்ல நீளம் என்றார்.

கடைசியில், ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அவனைக் கடனுக்கு அனுப்பினார்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் ஹோமாட் கிராமத்து அணிக்கு. எத்தனையாவது லீக் என்று சொல்ல ஷ்டெட்லருக்கே கூச்சமாக இருந்தது போல. 'உயரப் பயிற்சி' என்று அறிவித்தார். வெள்ளை ஒயினும் பல்குச்சியில் குத்திய பாலாடைக்கட்டியும் வைத்து வழியனுப்பு விழா நடந்தது. ஷ்டெட்லர் உரையாற்றினார்: "லிரிம் நம்மள விட்டுப் போகல. ஆழமா நம்மகிட்டயே இருக்கான். தூரமா." குண்டூசியை நகர்த்த வந்தவர் சிறிது நேரம் சுவரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார். ஹோமாட் அந்த மலையில் இல்லை.

*

ஹோமாட் மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். பந்து வெளியே போனால் மாட்டுப் பட்டியில் போய் எடுத்து, துடைத்து, எறிய வேண்டும். அந்த ஊர்க் கழகத்தின் தலைவர் பால்ஸ் இம்ஃபெல்ட் மாட்டு வியாபாரி. நீலச் சட்டையும் நாற்றமுமாக வந்து, லிரிமை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"கால்ல ஏதும் கோளாறு உண்டா தம்பி?"

"இல்லங்க."

"அப்புறம் ஏன் விட்டானுங்க? பாலும் கறக்கும், உதைக்காதுன்னா எவனும் விக்க மாட்டான்."

"நான் இன்னும் பாதைல இருக்கேனாம்."

"ஓ." பால்ஸ் யோசித்தார். "சரி, இங்க ரோட்டுக்கு வந்துட்டே. ஞாயித்துக்கெழம ஆடறே. அதுக்கு முன்னாடி சாசேஜ் சுடற முறை உன்னுது."

ஹோமாட்டில் அது சட்டம். அணியில் இருக்கிற எவனும், கூரை வேய்கிறவனோ ஊர்த் தலைவனோ, முறை வரும்போது கரி அடுப்பு முன்னால் நின்று பார்வையாளர்களுக்குச் சாசேஜ் சுட்டுக் கொடுக்க வேண்டும். லிரிம் சுட்டான். கை கழுவினான். ஆடினான். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல். தாடி வைத்த கேப்டன் ஃப்ளூரி, கூரை வேலைக்காரன், அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏய், இது நெசமாவே கோல் போடுதுடா!" என்று கத்தினான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அடித்தான். மாதம் ஒரு முறை ஷ்டெட்லர் தொலைபேசியில் வருவார்.

"தூக்கம் எப்படி?"

"நல்லாருக்கு. நேத்து மூணு கோல்..."

"மூச்சு?"

"வருது. மூணு கோல் அடிச்சேன்."

"லிரிம், அந்த லீகுக்கு எங்க முறைல கட்டமே இல்ல. எழுதினாலும் எங்க எழுதறது? பொறுமை. நல்ல பாதையிலதான் இருக்கே."

*

சின்னக் கழகமும் பெரிய கழகமும் ஒன்றாக ஆடும் கோப்பைப் போட்டியின் குலுக்கல் தொலைக்காட்சியில் நேரடியாக நடந்தது. ஹோமாட் முதல் சுற்றை எப்படியோ தாண்டியிருந்தது. கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து எடுத்த உருண்டைகளில் ஹோமாட் வந்தது, அடுத்து ஆல்ட்பர்க் வந்தது. சின்ன அணியின் ஊரில்தான் ஆட்டம் என்பது விதி. பால்ஸும் ரூடினும் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் நீலச் சட்டை, ஒருவர் வெள்ளிச் சாம்பல் கோட்டு. லிரிமும் மற்றவர்களும் கிராமத்துச் சாராயக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொகுப்பாளினி கேட்டாள்: "உங்க கடன் வீரர் ஒருத்தர் ஹோமாட்ல இருக்காரே, டாக்டர் ரூடின்? உங்களுக்கு எதிரா ஆடக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்குமே?"

ரூடினுக்கு யார் என்று தெரியவில்லை. மேடையோரம் நின்ற ஷ்டெட்லர் ஓடிவந்து காதில் ஏதோ கிசுகிசுத்தார். 'கோல்: இல்லை' என்று அவர் துறை எழுதி வைத்திருந்ததைத்தான் சொல்லியிருப்பார். ரூடின் மலர்ந்தார்.

"பாருங்க, ஆல்ட்பர்க் பயத்துல ஒளியற கழகம் இல்ல. அந்தப் பையன நாங்கதான் வளத்தோம். அவன் கோல் போட மாட்டான்னு எங்களத் தவிர யாருக்கு நல்லாத் தெரியும்? தாராளமா ஆடட்டும்."

அரங்கம் சிரித்தது. பால்ஸ் சிரிக்கவில்லை. "ஒருவேளை போட்டுட்டான்னா?"

"எங்க மேல ஒரே ஒரு கோல் போட்டுட்டா அவன நீங்களே வெச்சுக்குங்க!"

பால்ஸ் உள்ளங்கையை விரித்து நீட்டினார். கேமரா நெருங்கிவருவதைப் பார்த்த ரூடின், ரயில் நிலையத்துச் சிரிப்போடு அந்தக் கையைப் பிடித்தார். பால்ஸின் இடது கை மேலிருந்து இறங்கி, பிடித்த கைகளின் மேல் சளாரென்று ஒரு அடி வைத்தது.

"ஆச்சு," என்றார் பால்ஸ்.

சாராயக்கடையில் ஃப்ளூரி மேஜையைக் குத்தினான். "மடையன்! மாட்டக் கை மாத்திட்டான்டா! படம் புடிக்கறாங்கன்னு நெனச்சுக் கை குடுத்துட்டான்!" அந்தப் பள்ளத்தாக்கில் கை பிடித்து மேலே அடி விழுந்தால் முடிந்தது பேச்சு. மாடு அந்த நிமிடமே கைமாறிவிடும். பிறகு பேச்சு மாறினவனுக்கு எவனும் கோழிக்குஞ்சுகூட விற்கமாட்டான்.

கொஞ்ச நேரத்தில் பால்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, மாட்டக் கேக்க மாட்டேன். உன்னக் கேக்கறேன். ஒரு கோல் போட்டா நீ அவனுக்கு இல்ல. அதுக்கப்புறம் பிரான்ஸுக்காரன் கூப்பிட்டாலும், சந்திரனுக்குக் கூப்பிட்டாலும் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். சம்மதமா?"

 இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியை லிரிமிடம் யாரும் கேட்டதில்லை.

"சம்மதம்," என்றான்.

மறுநாளே ஷ்டெட்லர் வக்கீலோடு ஹோமாட்டுக்கு வந்தார். பால்ஸ் தொழுவத்தில் இருந்தார்.

"அது ஒரு தமாஷ் பேச்சு," என்றார் வக்கீல். "சட்டப்படி செல்லாது."

"செல்லாதுன்னா செல்லாது," என்றார் பால்ஸ், சாணியை வாரிக்கொண்டே. "ஸ்டேஷன்ல உங்க டாக்டர் படம் நிக்குதே, கைகுலுக்கல் போதும்னு. அதுக்குக் கீழ 'தமாஷ்'னு ஒரு வரி எழுதிடுங்க. நாங்க விட்டுடறோம். எங்க பள்ளத்தாக்கே அவர்கிட்டதான காப்பீடு எடுத்திருக்கு? எல்லாரும் தெரிஞ்சுக்கறது நல்லது."

வக்கீல் ஷ்டெட்லரைப் பார்த்தார். ஷ்டெட்லர் தன் காலணியைப் பார்த்தார். அது சாணிக்குள் போயிருந்தது.

இனி ஒரே வழி லிரிம்தான். ஷ்டெட்லர் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினார். அதே மலை. அவன் குண்டூசி உச்சியில்.

"பாத்தியா? உன்ன உச்சிக்கே கொண்டுபோயிட்டோம். ராத்திரியோட ராத்திரியா."

"எப்படி?"

"புடுங்கிக் குத்தினோம். லிரிம், நாம ஒரு குடும்பம். சனிக்கெழம உனக்கு வயித்து வலி வந்தா யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க. மூச்சுக்காரரும் சான்று குடுப்பார். என்ன சொல்றே?"

லிரிம் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தான், கற்றுக்கொடுத்தபடியே. "அணிதான் முக்கியம். அடுத்த ஆட்டத்தப் பத்தித்தான் யோசிக்கிறேன்."

"சரி, ஆனா ஆடுவியா மாட்டியா?"

"அணிதான் முக்கியம்."

"டேய், நேரா பதில் சொல்லு!"

"அடுத்த ஆட்டத்தப் பத்தித்தான் யோசிக்கிறேன்."

ஷ்டெட்லர் போனை வைத்துவிட்டார். அந்தப் பேச்சுப் பயிற்சியாளருக்கு மட்டும் கழகம் சம்பளம் கொடுத்தது வீண்போகவில்லை.

*

சனிக்கிழமை. பள்ளத்தாக்கு மொத்தமும் மைதானத்தில். பட்டி மாடுகளின் கழுத்து மணிகளைக் கழற்றிக்கொண்டு வந்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சாசேஜ் முறை லிரிமுடையது. ஆல்ட்பர்க்கோடு ஆட்டம் என்பதற்காக முறையை மாற்றிக்கொள்ள ஹோமாட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இடுப்பில் ஏப்ரன் கட்டி நின்று சுட்டுக்கொண்டிருந்தான். வரிசையில் ரூடின் வந்தார்; மக்களோடு மக்களாக ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது.

"கடுகு வேணுங்களா டாக்டர்?"

"கொஞ்சம். அடடா, நல்லா சுடறீங்களே. இந்த ஊரா?"

லிரிம் அவரையே பார்த்தான். அவர் கண் கேமராவில் இருந்தது.

"இல்லங்க. கடனுக்கு வந்திருக்கேன்."

"சந்தோஷம், சந்தோஷம்," என்றபடி ரூடின் கடித்துக்கொண்டே நகர்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. ஆல்ட்பர்க் பயிற்சியாளருக்கு மேலிடத்திலிருந்து ஒரே உத்தரவு: வேறு எது போனாலும் போகட்டும், அந்தப் பையனைக் காவல் காக்க வேண்டும். மூன்று தடுப்பாட்டக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் இடப்பக்கம் போனால் அவர்களும் போனார்கள். தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தால் மூவரும் கூடவே வந்து நின்றார்கள். பந்து மறுகோடியில் கிடந்தது. கால்வாசி மைதானம் காலி. அந்தக் காலி இடத்தில் ஃப்ளூரி தனியாக நடந்து போய், தாடியைச் சொறிந்துகொண்டே பந்தை வலைக்குள் தள்ளினான்.

மணிகள் அதிர்ந்தன. லிரிம் ஓடிப்போய் ஃப்ளூரியைக் கட்டிக்கொள்ளப் பார்த்தான். மூவரும் சேர்ந்து ஓடியதால் ஐந்து பேராகக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"கவலப்படாதீங்க டாக்டர்," என்றார் பார்வையாளர் வரிசையில் ஷ்டெட்லர். "அவன் போடல."

இடைவேளைக்குப் பிறகு ஃப்ளூரி இன்னொன்று போட்டான். ஆல்ட்பர்க் கோப்பையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ரூடின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அவன் இல்லல்ல? அவன் இல்லல்ல?" என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து நின்று கைதட்டினார். தன் கழகம் வாங்கிய கோலுக்கு எழுந்து நின்று கைதட்டிய முதல் தலைவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசி நிமிடம். பந்து எங்கேயோ இருந்தது. பெட்டிக்குள் லிரிம் சும்மா ஒரு அடி எடுத்து வைத்தான். பயந்துபோன மூவரில் ஒருவன் சட்டையைப் பிடித்தான், ஒருவன் இடுப்பைப் பிடித்தான், மூன்றாமவன் பிடிக்க வேறெதுவும் இல்லாமல் காலைப் பிடித்தான். நான்கு பேரும் சரிந்து விழுந்தார்கள். நடுவர் ஓடிவந்து வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

பெனால்டி.

ஹோமாட்டில் பெனால்டி எப்போதும் ஃப்ளூரியுடையது. அவன் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, லிரிமின் கையில் வைத்தான். "போய் வாங்கிக்க, உன்ன நீயே."

ஆல்ட்பர்க் கோல்கீப்பர் தன் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தான். ஹோமாட்காரர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று எண்காரர் அதில் ஒட்டிக்கொடுத்திருந்தார். கூரைக்காரன், பால்காரன், தபால்காரன் எல்லாரும் இருந்தார்கள். லிரிம் ஹோத்திக்கு நேராக மட்டும் 'வளர்ச்சியில் உள்ளார்' என்றிருந்தது.

கடைசி நிமிடம் லிரிமுக்கு ரொம்பப் பழக்கமான இடம். அவசரமே படவில்லை. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். கட்டினான். மற்றதையும் அவிழ்த்துக் கட்டினான். சாக்ஸை இழுத்துவிட்டான். நடுவரிடம் போய், "மணி என்ன ஆச்சுங்க?" என்று கேட்டான். பார்வையாளர் வரிசையில் ரூடின் எழுந்து நின்றுவிட்டார். ஷ்டெட்லர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்தார். கம்பிவேலி ஓரம், வேலை உடுப்போடு வந்து நின்ற ஆகிம் மட்டும் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "டேய், வாசல் தொறந்து கெடக்குடா!"

லிரிம் அடித்தான்.

கோல்கீப்பர் எந்தப் பக்கமும் விழவில்லை. அவனுக்கு எழுதித் தரவில்லை.

லிரிம் ஓடவில்லை, சட்டையைக் கழற்றவில்லை, முழங்காலில் சறுக்கவில்லை. பழைய கழகத்துக்கு மரியாதை காட்ட வேண்டும் அல்லவா. நேராகப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். மிச்சச் சாசேஜ் இன்னும் அடுப்பில் இருந்தது.

ஆல்ட்பர்க் பேருந்து மைதானத்து மேட்டில் நின்றது. கீழே இறங்க ஒரே ரோடு. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுநர் முன்னால் பார்த்தார். கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து மாடுகள் இறங்கிவந்துகொண்டிருந்தன. கொம்பில் பூ, கழுத்தில் மணி, ரோட்டை அடைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு, கண்ணுக்கெட்டின மட்டும் மாடு.

ரூடின் இறங்கிவந்தார். "இன்னைக்குத்தான் இறங்கணுமா இதெல்லாம்?"

"வழக்கமா அடுத்த வாரம்தான்," என்றார் பால்ஸ். "இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே கெளம்பிடுச்சுங்க. மாடு நான் சொன்னாக் கேக்குமா டாக்டர்?"

"எப்பத் தீரும்?"

"இருட்டினாத் தீரும்."

"எனக்குக் கூட்டம் இருக்கே. வேற வழி?"

பால்ஸ் தலையை ஆட்டிக் காட்டினார். அடுப்புக்குப் பின்னால், புல்லில் நட்ட கம்பத்தில், மஞ்சள் பலகை. 'ரயில் நிலையம் – 45 நிமிடம்.'

ரூடின் பலகையைப் பார்த்தார். தன் காலணியைப் பார்த்தார். பிறகுதான், முதல் முறையாக, சாசேஜ் சுடுகிறவனின் முகத்தைப் பார்த்தார். யார் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அங்கே கேமரா எதுவும் இல்லை.

லிரிம் ஒரு சாசேஜைத் திருப்பிப் போட்டான்.

"நல்ல பாதையிலதான் இருக்கீங்க டாக்டர்," என்றான். "கொஞ்சம் பொறுமை வேணும்."

தலைவர், வளர்ச்சித் துறை, எண்காரர், மூச்சுக்காரர், காவல் காத்த மூவர், எல்லோரும் வரிசையாக, நடைபாதையிலும் புகுந்துவிட்ட மாடுகளுக்கு நடுவே இறங்கிப் போனார்கள். முன்னால் போன மாடுகள் பாதையை நன்றாகத் தயார்செய்துவிட்டுப் போயிருந்தன. கூடவே மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஃப்ளூரி திரும்பிவந்து, சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான். நிலையத்தில் ரூடினுக்காக ஒருவர் காத்திருந்தாராம், ஆளுயரத்துக்கு, ஒரு விவசாயியின் கையைப் பிடித்துச் சிரித்தபடி. ரயில் வரும்வரை ரூடின் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே நின்றாராம். முன்பக்கம் அதே மாடுகள்.